பால்டிக் க்ரூஸ்: ரூம் சூப்பர், சோறுதான் பிரச்சனை

பையன் டிக்கெட் போட்டுட்டான்னு நானும் வீட்லயும் ஜூன்ல பால்டிக் கடல் க்ரூஸ் போயிட்டு வந்தோம், கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க. டென்மார்க் தலைநகரம் கோபன்ஹேகன்ல ஏறுனோம். நம்ம தரங்கம்பாடி கோட்டைய 1620ல கட்டுனவங்க ஊரு, 1845ல இங்கிலீஷ்காரன்ட்ட வித்துட்டு போனவங்க, அங்க போய் நிக்கிறப்ப ஏதோ பழைய சம்பந்தி வீட்டுக்கு வந்தமாரி இருந்துச்சு.

ரூம், பால்கனி, கவனிப்பு எல்லாம் பிரமாதம். ஆனா வெஜ்னு சொன்னா தெனமும் அதே பாஸ்தா, மூணாம் நாள் கெஞ்சி கூத்தாடி வெறுஞ்சோறும் தயிரும் வாங்கி மாயவரத்துலேர்ந்து கொண்டுபோன நார்த்தங்கா ஊறுகாய தொட்டுக்கிட்டு சாப்ட்டப்பதான் உசுரே வந்துச்சு.

ஸ்வீடன் ஸ்டாக்ஹோம்ல வாசாங்குற பழைய போர்க்கப்பல கட்டாயம் பாருங்க. 1628ல மொத தடவ கெளம்பி கரைய தாண்டுறதுக்குள்ளயே முழுகி, 1961லதான் மேல தூக்கிருக்காங்க, மரம் இன்னும் முழுசா நிக்குது! அந்த கடல்ல உப்பு கம்மி, மரத்த தின்ற கப்பல் புழு அங்க பொழைக்காதாம். நாகப்பட்டினம் போட்டுக்காரங்க கேட்டா பொறாமப்படுவாங்க.

எஸ்டோனியா நாட்டு டாலின்ல கப்பல்காரன் விக்கிற பஸ் டூர் எடுத்து ஏமாந்தோம், பழைய ஊருக்கு நடந்தே போயிருக்கலாம். 1422லயே கணக்குல இருக்குற மருந்துக்கடை ஒண்ணு இன்னும் தொறந்திருக்கு. ஆனா தெரு பூரா கருங்கல்லு, முட்டிவலிக்காரங்க நல்ல ஷூ போட்டுக்கங்க.

ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், வெளக்கேத்துற நேரம் எதுன்னே தெரியலன்னு அவ கடைசி வரைக்கும் பொலம்பல்.