வேலிமுள்ளா, கேழ்வரகுத் தாளா?

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் துவைத்த புடவையை இரண்டு இடங்களில் காயப்போடுவார்கள். ஒன்று முள்வேலி, மற்றொன்று கேழ்வரகு அறுத்த வயல். வேலியில் நான்கு முள் பிடித்தாலே போதும், புடவை பறக்காது. வயலில் எந்தத் தாளுக்கும் தனியே அந்தப் பலமில்லை; ஆயிரம் தாள்கள் சேர்ந்துதான் நிறுத்துகின்றன.

டேன்டலம் ட்ரைசல்ஃபைடு என்ற சங்கிலி அமைப்புப் படிகத்தை ஏறத்தாழ 220 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், எலெக்ட்ரான்கள் நெருங்கியும் விலகியும் அலையாக அடுக்கிக்கொள்கின்றன. இதுதான் மின்னூட்ட அடர்த்தி அலை. படிகத்தின் மாசணுக்கள் அதை நகரவிடாமல் பிடிக்கின்றன. முள்ளைப் போலவா, தாளைப் போலவா? 1970-களின் இறுதியில் ஃபுகுயாமா, லீ, ரைஸ் என்ற இயற்பியலாளர்கள் மூவரின் கணக்கு இரண்டையும் பிரித்துக் காட்டியது. மாசை இரட்டித்தால், அலையை நகர்த்தத் தேவையான குறைந்தபட்ச மின்புலம் முள்வகையில் இரு மடங்காகும், தாள்வகையில் நான்கு மடங்காகும்.

எனக்குச் சுவையாகப் படுவது அலையின் மூப்புதான், அதாவது காத்திருக்கும் நேரத்துக்கேற்ப அதன் போக்கு மாறுவது. 1989-இல் பில்யாகோவிச், லாஸ்ஜோனியாஸ் குழுவினர் இந்தப் படிகத்தை 1 கெல்வினுக்கும் கீழே வைத்துச் சற்றே சூடாக்கிப் பிறகு ஆறவிட்டார்கள். சிறிது நேரம் சூட்டில் இருந்தது சீக்கிரம் ஆறியது. நெடுநேரம் இருந்ததோ, அதே சூட்டிலிருந்துதான் என்றாலும், மிக மெதுவாக ஆறியது. எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதைப் படிகம் நினைவில் வைத்திருக்கிறது!

முள்கட்சியின் விளக்கம் எளிது. புடவையின் மடிப்பு ஒவ்வொரு முள்ளிலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழலாம். பக்கம் மாற ஒரு தடையைத் தாண்ட வேண்டும். தடையின் உயரம் முள்ளுக்கு முள் வேறு. காத்திருக்கக் காத்திருக்க, உயரமான தடைகளும் தாண்டப்படுகின்றன; அவற்றைத் தாண்டிய மடிப்புகள் திரும்பிவரவும் அத்தனை காலம் பிடிக்கிறது. தாள்கட்சியும் மூப்பைச் சொல்லிவிடும். பெரிய பெரிய பரப்புகள் ஒன்றாக இடம் மாறும்போது தடைகளும் வளர்ந்துகொண்டே போகும் என்பது அதன் வாதம்.

அப்படியானால் மூப்புக்கு எல்லை இருக்கக் கூடாது. சோதனையிலோ, போதிய நேரம் காத்திருந்தபின் ஆறும் வேகம் மேலும் மாறாமல் நின்றுவிட்டது. மிக உயரமான தடை ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? இந்தக் கடுங்குளிரில் என் வாக்கு முள்ளுக்கே.

சூடு கூடிய இடத்தில் தாள்கட்சியை நான் தள்ளமாட்டேன். அங்கே மிஞ்சியிருக்கும் கட்டற்ற எலெக்ட்ரான்கள் அலையின் மின்விசையை மறைத்து அதை இளக்கமாக வைத்திருக்கின்றன. அலை பரப்புப் பரப்பாக வளைந்து கொடுக்கிறது. குளிரக் குளிர அந்த எலெக்ட்ரான்கள் அருகிப்போகின்றன. கஞ்சி போட்ட புடவை போல அலை விறைத்துவிடுகிறது. பிறகு அசைய மிஞ்சுவது முள்ளைச் சுற்றிய மடிப்பு மட்டும்.