புது வீட்டில் கேபிளும் நெட்டும்: ஒன்றரை வருஷக் கணக்கு

2024 மே மாதம் திருவல்லிக்கேணியிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு வீடு மாறினோம். பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே அத்தை கேட்டார், "டிவி எப்பம்மா வரும்?" டிவி பெட்டி ஹாலில்தான் நின்றுகொண்டிருந்தது. அவர் கேட்டது சீரியலை. என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, அவர் கவலை நெட். பையன் எட்டாம் வகுப்பு, அவனுக்கு எதைக் கொடுத்தாலும் யூடியூபாக மாற்றிக்கொள்வான். பில் கட்டுவது நான். அதனால் கணக்கும் என்னுடையது.

பழைய வீட்டில் டிடிஎச்சுக்கு மாதம் 410 ரூபாய், ஒரு பெரிய கம்பெனியின் ஃபைபர் நெட்டுக்கு வரியோடு 825. மொத்தம் 1,235. வாடகை குறையும் என்றுதான் அவ்வளவு தூரம் போனோம், இதுவும் குறையட்டுமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தேன். இருக்கிற ஃபைபரையே புது முகவரிக்கு மாற்றச் சொல்லி எழுதிப் போட்டோம். பின்கோடு போட்டதும் 'உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்று பச்சை டிக் வந்தது. நாலு நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து வந்த பையன் கீழே சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எட்டு போர்ட்டும் ஃபுல்லுக்கா" என்றான். தெருவிலிருந்து வரும் ஒரு ஃபைபரை ஸ்ப்ளிட்டர் என்கிற சின்னச் சாமான் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதில் காலி துளை இல்லையென்றால் பச்சை டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புது ஸ்ப்ளிட்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு பார்க்கப் போகும்போதே எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, 'என்ன நெட் வச்சிருக்கீங்க, ராத்திரி எப்படி இருக்கு' என்று கேட்டிருந்தால் அந்த நாலு நாள் மிச்சம். தண்ணீர் எப்படி என்று கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

பழைய இணைப்பை முடித்ததில் இன்னொரு கூத்து. ரூட்டரைத் திருப்பிக் கொடுத்த பிறகு டெபாசிட் வர இரண்டரை மாதம் ஆயிற்று. ஒப்படைத்ததற்கு ரசீது கையில் இருந்ததால் வந்தது. ரசீது இல்லாமல் யாரிடமும் ரூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். அப்போது ஜியோவில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் வேகம், பிஎஸ்என்எல்லில் 449-க்கு 30, ஏர்டெல்லில் 499-க்கு 40. விளம்பரத்தில் இருக்கிற தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 399 என்பது கையில் 471 ஆகும், 499 என்பது 589. மாட்டுகிற கூலி இலவசம் என்று சொல்லி ஆறு மாசத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். அப்படியானால் 399 பிளானுக்கே ஒரே நாளில் 2,825 எடுத்து வைக்க வேண்டும். அட்வான்ஸ், லாரி, பெயின்ட் எல்லாம் போன அதே மாதத்தில்.

விற்க வருகிறவர்கள் எல்லோரும் 100, 200 எம்பிபிஎஸ் என்றே பேசுவார்கள். இந்த எம்பிபிஎஸ் மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் நாம் டவுன்லோட் ஆகும்போது பார்க்கிற எம்பி வரும், அதாவது 30 என்பது நொடிக்கு நாலு எம்பிக்கும் குறைவு. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும். நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு திரையில் பார்த்தால்கூட 20. 'அன்லிமிடெட்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு 3,300 ஜிபி என்பார்களே, அதைப் பற்றியும் பயந்தேன். இந்த ஒன்றரை வருஷத்தில் நாங்கள் ஒரு மாதமும் 600-ஐத் தாண்டவில்லை.

கடைசியில் எடுத்தது இவை எதையுமே அல்ல. எங்கள் தெருக் கேபிள்காரரே ஒரு சின்ன கம்பெனியின் நெட்டும் கொடுக்கிறார். 50 எம்பிபிஎஸ், 500 ரூபாய், வரியோடு 590. காலையில் போன் செய்தேன், மத்தியானம் ஏணியோடு வந்து நின்றார்.

கேபிள் மட்டும் வேண்டாம் என்றேன். நெட் இருக்கிறது, டிவியும் ஸ்மார்ட் டிவி, ஆப்பிலேயே சீரியல் வருகிறது, எதற்கு இரண்டு செலவு என்று எண்ணம். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ரிமோட்டில் நடுப் பொத்தானை அழுத்து, வலப்பக்கம் நாலு தரம் போ, யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கும், உன் பெயரை அழுத்து. அத்தை இரண்டு நாள் கற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் ஆப் அப்டேட் ஆகி எல்லாம் இடம் மாறிப்போயிற்று. பையன் டியூஷன் போயிருந்த ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, டிவி நீலமாக ஒளிர, அவர் அதன் முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பரவாயில்லம்மா, சும்மாதான் இருக்கேன்" என்றார். மறுநாள் கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

நடுவில் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் விசாரித்தேன். தட்டும் பெட்டியும் ஒரு தடவை வாங்கினால் சரி, மாதச் சந்தாவே கிடையாது. அத்தைக்கு வேண்டிய சீரியல் சேனல்கள் அப்போது அதில் இல்லை, அதனால் விட்டுவிட்டோம். டிடி தமிழ் வரும் என்று சொன்னேன். பொதிகைக்கு 2024 ஜனவரியில் பெயர் மாற்றியதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. செய்தியும் பழைய படமும் போதும் என்கிற வீட்டுக்கு அதைவிட மலிவு எதுவும் இல்லை.

கேபிள் பில் ஏன் ஏறுகிறது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு, வரியோடு 153. கட்டணச் சேனல்களின் விலை தனி. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் வரம்பையும் எடுத்துவிட்டார்கள். கும்பகோணத்தில் அரசு கேபிளுக்கு எழுபது ரூபாய் கட்டிய காலத்தை அத்தை இதற்குத்தான் சொல்லிக் காட்டுவார். கேபிள்காரர் முதலில் போட்டுக் கொடுத்தது 350 ரூபாய் பேக். பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாதி நாங்கள் திருப்பிக்கூடப் பார்க்காத இந்தி, இங்கிலீஷ் சேனல்கள். அத்தையின் சேனல்கள், பையனுக்கு ஒரு கிரிக்கெட், மிச்சத்துக்கு இலவசச் செய்திச் சேனல்கள் என்று வெட்டியதும் 260-க்கு வந்தது. பேனாவோடு உட்கார்ந்தது பத்து நிமிஷம். ரிமோட்டில் அத்தைக்கு வேண்டிய எண்கள் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்தேன். அது அழிந்தால் அவரே கேட்டு வைத்துக்கொள்கிறார்.

ஆக மாதம் 850. பழையதைவிட 385 ரூபாய் குறைவு.

கோளாறு வராமல் இல்லை. ஆகஸ்டில் தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு மேல் நெட் நின்றது. காலையில் தானாக வரும். ராத்திரி கூட்டம் அதிகம், ஸ்பீடு குறைகிறது என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். ஆனால் மெதுவாகவில்லை, அடியோடு நின்றது. நெட் பெட்டியில், சிக்னல் வராவிட்டால் எரிகிற எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். ஒரு ராத்திரி கேபிள்காரரின் அண்ணன் மகன், ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கிற கையகல மீட்டரோடு வந்தான். ஒயரைச் செருகினான், மைனஸ் 29 என்று காட்டியது. "இருபத்தேழைத் தாண்டினா பெட்டிக்கு வெளிச்சம் பத்தாதுக்கா" என்றான். ஒயர் வந்த வழியே விரலால் தடவிக்கொண்டே பால்கனிக்குப் போனான். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று ஓனர் சொல்லியிருந்ததால், இழுக்கிற ஜன்னலின் இடுக்கு வழியாகத்தான் ஒயர் உள்ளே வந்திருந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்தான். மீட்டர் மைனஸ் 21. மூடினான், 29. கொசுவுக்குப் பயந்து தினமும் ஏழரைக்கு அந்த ஜன்னலைச் சாத்துவது நான்தான்! ஃபைபருக்குள் போவது வெளிச்சம், அதிகமாக மடக்கினால் அந்த இடத்தில் ஒழுகிவிடும். ஏசி பைப் போகிற துளை வழியாக ஒயரை மாற்றினான், அதோடு சரி. அறைக்கு அறை கேபிள் டிவி ஒயரைச் சுவருக்குள் புதைத்துவைத்த பில்டர், ஃபைபருக்கு ஒரு பைப் விட மறந்துவிட்டார்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த நாள். காலையிலிருந்தே எங்களுக்குக் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் ஒரு கோடு. ரூட்டருக்கென்று வாங்கியிருந்த 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் அன்றைக்குத்தான் உதவியது. வழியில் இருக்கிற ஃபைபருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் கரண்டே தேவையில்லை. நம் வீட்டுப் பெட்டிக்கும் அந்தப் பக்கம் கேபிள்காரரின் ரூமில் இருக்கும் மெஷினுக்கும் இருந்தால் போதும். அவர் பேட்டரி மத்தியானம் வரை தாங்கியது. அதற்குள் அத்தை கடலூரில் இருக்கிற தம்பியிடம் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை பேசிவிட்டார்.

குறையையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 50 என்பது 30-க்கு இறங்கும். ரசீதைக் கேட்டால்தான் தருவார். புகார் எண், ஆப் எதுவும் இல்லை, அவர் செல் நம்பர்தான் எல்லாம். போன மார்கழியில் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டார். தெருக்கோடியில் லாரி உரசி ஒயர் அறுந்து, ஒன்றரை நாள் போனை எடுக்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, "பெரிய கம்பெனியா இருந்தா..." என்று ஆரம்பித்தார். எட்டு போர்ட்டை ஞாபகப்படுத்தினேன். பக்கத்து பிளாக்கில் ஒருவர் 5ஜி வழியாக வருகிற ஏர்ஃபைபர் வைத்திருக்கிறார். ஒயர் அறுகிற தொல்லை இல்லை. மொட்டைமாடியில் பெட்டி மாட்ட அசோசியேஷனிடம் அவர் அனுமதி வாங்கியது தனிக்கதை.

போன வாரம் சந்தா வாங்க வந்தபோது கேபிள்காரர் கழுத்தில் மறுபடி துளசி மாலை. "அண்ணே, இந்த வருஷமும் மலைக்கா?"

"ஆமாம்மா, மார்கழி இருபதுக்கு மேல. அண்ணன் பையன் இங்கதான் இருப்பான், அவன் நம்பர எழுதிக்க" என்றார். காலண்டரின் பின்பக்கம், பழைய கணக்குக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன்.