கழுத்துப் படத்தில் ஒரு கோடு: முறிவா, பிறவி அமைப்பா? எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஓர் அலசல்

அடிபட்டு வந்தவரின் கழுத்துப் படத்தில் கோடு ஒன்று தெரிந்தால் முறிவு என்றுதான் முதலில் தோன்றும். கழுத்து விஷயத்தில் அப்படிப் பயப்படுவதும் சரிதான். ஆனால் சிலருக்கு அந்தக் கோடு பிறந்ததிலிருந்தே இருக்கிறது. எலும்பைப் பொறுத்தவரை பெரியவர்களுக்கு என் ஓட்டு சி.டி.க்குத்தான், குழந்தைகளுக்கு அப்படி இல்லை.

எக்ஸ்ரேவில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வாயைத் திறந்து எடுக்கும் படத்தில் முன்பற்களின் நிழலோ, வளையம் போன்ற முதல் கழுத்தெலும்பின் பின்வளைவோ, இரண்டாம் எலும்பிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முளைக்குக் குறுக்கே விழுந்தால், அசல் முறிவு போலவே கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு எலும்பின் ஓரத்தைத் தாண்டியும் ஓடினால் பெரும்பாலும் நிழல்தான். ஆனாலும் எக்ஸ்ரேயை ஒதுக்கிவிட முடியாது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தசைநார்கள் தளர்வாக இருப்பதால் இரண்டாம் எலும்பு மூன்றாவதின் மேல் முன்னால் நழுவியது போலத் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் முதல், மூன்றாம் எலும்புகளின் பின்வளைவுகளுடைய முன்ஓரத்தை இணைத்து ஒரு கோடு போட்டு, இரண்டாம் எலும்பின் பின்வளைவு அதிலிருந்து 2 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இதற்காக உடனே சி.டி. எடுத்துக் குழந்தைக்குக் கூடுதல் கதிர்வீச்சு கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

சி.டி.யின் பலம் ஓரங்களைக் காட்டுவதில் இருக்கிறது. முதல் கழுத்தெலும்பின் பின்வளைவு முழுசாக இணையாமல் இடைவெளியோடு இருப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்கு உண்டு. அந்த இடைவெளியின் இரு முனைகளும் வழவழப்பாக, மெல்லிய வெள்ளை விளிம்போடு இருக்கும். புது முறிவில் விளிம்பு இருக்காது, முனைகள் கரடுமுரடாக, ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி இருக்கும். சிக்கல் எங்கே என்றால், அபூர்வமாகச் சிலருக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி இருந்து, பக்கத்துண்டுகள் ஒன்றிரண்டு மி.மீ. வெளியே தள்ளியும் நிற்கும். தலையில் நேராக விழுந்த அடியில் வளையம் பல இடத்தில் உடைகிற ஜெஃபர்சன் முறிவை அச்சாக அப்படியே ஒத்திருக்கும். அங்கேயும் ஓரம்தான் பேசும்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. மெல்லிய முறிவுக் கோட்டைப் பிடிப்பதில் இது சி.டி.க்குப் பின்னால்தான். ஆனால் எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோர்வை, தசைநார்க் கிழிசல், தண்டுவட நசுக்கம் எல்லாம் இதில்தான் நன்றாகத் தெரியும், அதாவது காயம் புதுசா பழசா என்பது. இரண்டாம் எலும்பின் முளை தனித் துண்டாக நிற்கும் ஓஸ் ஓடோன்டாய்டியம் என்ற நிலையில் இது மிகவும் தேவை. துண்டு உருண்டையாக, வழவழப்பாக இருப்பதால் புது முறிவு இல்லை என்று சி.டி. சொல்லிவிடும், ஆனால் அது அசைந்து தண்டுவடத்தை அழுத்தக்கூடும் என்பதால் ‘பழசுதானே’ என்று விட்டுவிடக் கூடாது.

முன்பு எப்போதாவது எடுத்த கழுத்துப் படம் வீட்டில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், அதே கோடு அதிலும் இருந்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும். முடிவு தெரியும்வரை கழுத்துக் காலரை நீங்களாகக் கழற்றாதீர்கள்.