கெபாசிட்டர் மாற்றியதாகச் சொல்லி 900 ரூபாய்: கணினி பழுதுபார்க்கக் கொடுப்போர் கவனத்துக்கு

மதுரையில் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி, பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நகருக்குள் இருக்கும் ஒரு சர்வீஸ் கடையில் எனக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

திருமங்கலத்தில் ஜெராக்ஸும் அழைப்பிதழ் வடிவமைப்பும் செய்யும் சிறிய கடை வைத்திருக்கிறேன். தை மாத முகூர்த்த நேரத்தில் கணினி முரண்டு பிடிக்கத் தொடங்கியது. காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். நாலைந்து முறை அழுத்திய பிறகு உயிர் வரும். சூடேறிவிட்டால் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு உருளைதான் கெபாசிட்டர்; அது காய்ந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். கோளாறைக் கண்டுபிடித்ததில் குறையில்லை. "அண்ணே, எல்லாம் உப்பிப் போயிருக்கிறது. மொத்தத்தையும் 105 டிகிரி ஜப்பான் சரக்காக மாற்றித் தருகிறேன். 900 ரூபாய், ஆறு மாதம் கியாரண்டி" என்றார்.

மாலையில் பெட்டி தயார். கழற்றிய பழையவற்றைக் கேட்டேன். குப்பையில் போட்டாகிவிட்டது என்றார். பில் கேட்டேன். "சர்வீஸுக்கு ஏது அண்ணே பில்?" என்று சிரித்துக்கொண்டே, விசிட்டிங் கார்டின் பின்புறம் தொகையை எழுதி நீட்டினார். நல்லவேளை, பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பியிருந்தேன்.

பங்குனி வெயில் ஏறியதும் ஒரு நண்பகலில் 'டப்' என்று சத்தம், கருகல் நாற்றம். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டது. மறுபடி அந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் ஊர் கரண்ட் ஏறி இறங்குகிறது, அதற்கெல்லாம் கியாரண்டி இல்லை என்கிறார். இடையில் யுபிஎஸ் இருக்கிறதே என்றேன். அப்படியானால் யுபிஎஸ்தான் கெட்டிருக்கும் என்றார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் பல வருடங்களாக டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் திறந்தார். திறந்ததும் கை வைக்கவில்லை. ஹோல்டரில் மாட்டிய பல்பின் இரண்டு ஒயர்களையும் உள்ளே இருந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களின் முனைகளில் வைத்து மிச்ச மின்சாரத்தை இறக்கினார். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், அந்த இடத்தில் நேர்மின்னாகி 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். தெரியாதவர்கள் அந்த மூடியைத் திறக்க வேண்டாம்.

பிறகு, "தம்பி, இந்தக் காலைப் பாருங்கள்" என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கால் என்பது போர்டில் பற்றவைக்கும் கம்பி. புது கெபாசிட்டருக்குக் கால் நீளமாக இருக்கும்; பற்றவைத்த பிறகுதான் வெட்டுவார்கள். பழைய போர்டிலிருந்து பிடுங்கியதில் துண்டுக் கால்தான் மிஞ்சும். 12 வோல்ட், 5 வோல்ட் வரிசைகளில் நின்ற நான்கில் மூன்றுக்கு அந்தத் துண்டுக் காலோடு கம்பி ஒட்டுப்போட்டு இறக்கியிருந்தார்கள். அதனால் மூன்றும் சாய்ந்து நின்றன. ஒன்றின் அடியில் பழைய பசைகூட அப்படியே இருந்தது. நான்காவது மட்டும் புதிது. ஆனால் தாங்கும் வெப்பம் என்று நான்கின் உறையிலும் அச்சாகியிருந்தது 85 டிகிரி.

இருபது டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெபாசிட்டரின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் சரக்கு, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். அதே 2,000 மணி நேர 85 டிகிரி சரக்கு அதே இடத்தில் 8,000 மணி நேரம்தான். அதுவும் புதிதாக இருந்தால். போதாததற்கு, நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உள்தடை குறைந்த வகை வேண்டும். சாதாரண வகையைப் போட்டால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

மதர்போர்டைக் கொன்றது இவை கூட அல்ல. கணினியை அணைத்தாலும் பிளக்கில் இருக்கும்வரை ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். மலிவான பழைய வடிவமைப்புகளில் அந்த 5 வோல்ட்டை அளவாக வைத்திருப்பது ஒரு சிறு கெபாசிட்டர். அது காய்ந்தால் 5 வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறி நேராக மதர்போர்டுக்குள் போகும். சூடான ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டி, போர்டு பழுப்பேறிய இடத்தில் அது நின்றது. பெரியவர் பிடுங்கி மீட்டரில் வைத்தார். 47 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது; மின்சாரத்தைத் தேக்கும் திறனின் அளவு அது. மீட்டர் 3 கூடக் காட்டவில்லை. சில ரூபாய் பெறுமான பொருள். 'மொத்தத்தையும்' மாற்றியவர் இதைத் தொடவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸே ஏமாற்றுச் சரக்குதான். லேபிளில் 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. கீழே 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட்ஸ். இன்றைய கணினி பெரும்பாலும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மின் இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இது கடைக்காரர் செய்ததல்ல, தயாரித்தவன் செய்தது. ஆனால் நியாயமான மெக்கானிக் என்றால், "இதற்கு 900 ரூபாய் தண்டம், கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாக வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பார். தரமான எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தரமான கெபாசிட்டர் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். பழுதுபார்ப்பதையே நான் குறை சொல்லவில்லை.

கொடுப்பதற்கு முன்பே, கழற்றியது அத்தனையும் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். போடப் போகும் புதியவற்றைக் காட்டச் சொல்லி, 105 என்ற எண்ணையும் முழுக் காலையும் பாருங்கள். வாங்கும்போது மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, ஊதாவில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம். மீட்டர் சரியாகக் காட்டினாலும் உள்ளே நல்ல சரக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, அதனால்தான் பழைய பாகங்களைக் கேட்கச் சொல்கிறேன்.

பில்லை விடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய பதிவு, விசிட்டிங் கார்டு, ஒட்டுக்கால் கெபாசிட்டர்களின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அதன் பிறகு கடையிலிருந்து ஒரு போன் வந்தது: புகாரை வாபஸ் வாங்கினால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் பாதி விலைக்குத் தருவார்களாம், அதுவும் அவர்களே சர்வீஸ் செய்தது! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.