கிரீஸ் ஏறாத நிப்பிள்: சேடை டிராக்டரோடு பல பருவம் பழகிய பிறகு

கிரீஸ் ஏற்றுவதற்கென்று வண்டியில் இருக்கிற சின்ன முனைதான் நிப்பிள். அதில் கிரீஸ் கன்னை மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் கல்லு மாதிரி நிற்கும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் நிப்பிளின் ஓரமாகக் கிரீஸ் புழு போல நெளிந்து வெளியே வரும், உள்ளே ஒரு சொட்டும் போகாது. புவனகிரி, சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், பாகூர் பக்கம் களிமண்ணில் சேடை (நடவுக்கு முந்தைய சேற்றுழவு) ஓட்டுகிற டிராக்டர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. முன் ஆக்சில் நாள் முழுக்கச் சேற்றில் முங்கிக் கிடக்கும். சீல் வழியே நுழைந்த களி, பழைய கிரீஸோடு கலந்து, வண்டி ஓய்வில் நிற்கிற மாதங்களில் காய்ந்து செங்கல் ஆகிவிடும்.

உடனே பெரிய கன் வாங்க ஓடுவதுதான் வழக்கம். அது வீண் செலவு. கையால் அடிக்கிற சாதாரண லீவர் கன்னே ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். கிரீஸ் எங்கே தடைபடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் கன்னையே சந்தேகப்படுங்கள். எதிலும் மாட்டாமல் அழுத்தினால் கிரீஸ் நூல் பிடித்த மாதிரி அறாமல் வரவேண்டும். விட்டு விட்டு வந்தால் உள்ளே காற்று நிற்கிறது. பேரலை (கிரீஸ் நிற்கிற குழலை) அரைச் சுற்று தளர்த்தி, பின்பக்கக் கம்பியைத் தள்ளிப் பிடித்தபடி நாலைந்து அழுத்து அழுத்தி, காற்று போனதும் இறுக்குங்கள். அடுத்து, ஒரு புது நிப்பிளைப் பிளேயரில் பிடித்து அதில் அடித்துப் பாருங்கள். அதில் தாராளமாகப் போனால் கன் மேல் குற்றமில்லை. டூல் பாக்ஸில் எப்போதும் பத்துப் புது நிப்பிள் கிடக்கட்டும். சில ரூபாய் சமாச்சாரம், அரைநாள் தடவலை மிச்சப்படுத்தும்.

ஓரமாகக் கசிந்தால் பெரும்பாலும் கப்ளர், அதாவது கன்னின் முனையில் நிப்பிளைக் கவ்வுகிற பகுதிதான் காரணம். உள்ளே இருக்கிற தாடைகள் தேய்ந்து, நிப்பிள் தலையைக் கவ்வாது. முன் மூடியைக் கால் சுற்று இறுக்கினால் சில மாதம் ஓடும். நெம்பை அழுத்தி மாட்டி, விட்டால் பூட்டிக்கொள்ளும் லாக் கப்ளர் இப்போது பல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கிறது. ஆக்சிலுக்கு அடியில் ஒரு கையால் பிடித்து மறுகையால் அடிக்க வேண்டிய இடத்தில் அதற்கு ஈடில்லை, காசு கொடுக்கலாம். குறை ஒன்று: களி புகுந்தால் தாடை சிக்கிக்கொள்ளும், வாரம் ஒருமுறை டீசலில் கழுவ வேண்டும். அடைத்த நிப்பிளில் மாட்டிக்கொண்டு கழலாவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், நிப்பிள் தலையே கையோடு வந்துவிடும். ஹோஸைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

அப்புறம் நிப்பிள். தலையைத் துணியால் துடைத்துவிட்டு, மொட்டையான மெல்லிய கம்பியால் நடுக்குண்டை அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மாற்றுங்கள், சுத்தம் செய்து நேரத்தைக் கொல்ல வேண்டாம். பரங்கிப்பேட்டை, கிள்ளை மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில் துருவே குண்டை இறுக்கிவிடும். பெயிண்ட் அடித்து விற்கிற பழைய வண்டி வாங்கியவர்கள் நிப்பிள் தலைகளைச் சுரண்டிப் பாருங்கள். எம்6 (6 மி.மீ. மரை) நிப்பிளுக்கு 7, எம்8க்கு 9, எம்10க்கு 11 ஸ்பேனர் சேரும். எம்10ம் அரைக்கால் இஞ்ச் பிஎஸ்பியும் (பிரிட்டிஷ் குழாய் மரை) பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மரை வேறு. கையால் மூன்று சுற்று ஏறாததை ஸ்பேனரால் ஏற்றினால் நிப்பிள் உட்காருகிற வீட்டின் (ஹவுசிங்கின்) மரை போச்சு.

புது நிப்பிள் போட்டும் ஏறவில்லை என்றால் அடைப்பு உள்ளே. நிப்பிளைக் கழற்றி, 3 மி.மீ. டிரில் பிட்டில் கிரீஸ் தடவி, கையாலேயே திருகி எடுங்கள். காய்ந்த களி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். மிஷினில் மாட்டினால் புஷ் (ஆக்சில் பின்னைச் சுற்றியிருக்கிற உலோகக் குழல்) ஓட்டையாகும்.

முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னிலும், ஆக்சில் நடுவில் ஆடுகிற சென்டர் பின்னிலும் பாதி நேரம் அடைப்பே இருக்காது, பாரம்தான் இருக்கும். சக்கரம் தரையில் நிற்கும்போது வண்டியின் எடை பின்னையும் புஷ்ஷையும் ஒரு பக்கமாக நசுக்கி, கிரீஸ் போகிற இடுக்கை அடைத்துவிடும். பலர் ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுக்கிறார்கள். கிங்பின்னுக்கு அது போதும், சென்டர் பின் மேல் எடை அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆக்சிலைத் தாங்குகிற முன் சப்போர்ட்டில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஆக்சில் தொங்கும், இரண்டும் ஒரே நேரத்தில் இளகும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சப்போர்ட்டுக்கு அடியில் ஸ்டாண்டு, சாவி கையில். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஒருவர் அடிக்க, இன்னொருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பட்டும். முதலில் கறுப்பாகச் சேறு வரும். நிறம் மாறிப் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை விடாதீர்கள். ஒரு அழுத்துக்குச் சுமார் 1 கிராம்தான் இறங்கும், பதினைந்து இருபது அழுத்து ஆனால் பதறவேண்டாம்.

ரொட்டவேட்டர் ஷாஃப்டின் மடங்குகிற மூட்டான கிராஸில் கணக்கு வேறு. அதன் நாலு முனைக் கப்பிலும் கிரீஸ் தெரிய வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், ஷாஃப்டை அந்தப் பக்கம் மடக்கி அடியுங்கள். அப்படியும் வராத கப்பைக் கழற்றிப் பார்த்தால் ஊசி பேரிங் துருப்பொடியாகக் கொட்டும். கிராஸை மாற்றுவதுதான் வழி.

இன்னும் பிடிவாதமாக இருந்தால், சுத்தியலால் தட்டி எண்ணெயை உள்ளே தள்ளும் டூல் ஒன்று உண்டு. டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி நிரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாகத் தட்டித் தட்டி நேரம் கொடுத்தால் காய்ந்த கிரீஸ் இளகும். வருஷத்துக்கு இரண்டு தடவை கைகொடுக்கும், அவ்வளவுதான். சீல் போட்ட பேரிங்கில் அடித்தால் சீல் பிதுங்கிவிடும். கேஸ் பர்னர் காட்டுவதை மறந்துவிடுங்கள்: ரப்பர் உருகும், கிரீஸ் பற்றிக்கொள்ளும். இத்தனைக்கும் மசியாவிட்டால் புஷ் சுழன்று அதன் துளை வீட்டின் துளையை விட்டு விலகியிருக்கும். புதிதாகப் புஷ் அடித்த வண்டி என்றால் துளை பார்க்காமல் அடித்திருப்பார்கள். பிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கசிகிற இடத்தை விரலால் அடைக்காதீர்கள். அழுத்தத்தில் கிரீஸ் தோலுக்குள் பாய்ந்தால் முதலில் வலிக்காது, ஊசி குத்தின புள்ளி மட்டும் தெரியும். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க நேரிடலாம்.

கடையில் ஏபி-3 என்று கொடுப்பது 3ஆம் எண் கெட்டி கிரீஸ். நீளமான குறுகிய துளைகளில் 2ஆம் எண் லித்தியம் கிரீஸ் சுலபமாக இறங்குகிறது. வெவ்வேறு சோப் வகைக் (சோப் என்பது கிரீஸைக் கெட்டியாக்கும் பொருள்) கிரீஸ்களைக் கலந்தால் சில ஜோடிகள் நீர்த்து ஓடும், சில இறுகும். ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

காய்ந்த உழவில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். சேடையில் தினமும், அதுவும் சாயங்காலம் கரையேறியதும் அடிக்க வேண்டும். காலையில் அடிக்கலாம் என்று விட்டால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். அடித்து முடித்த பிறகு களிமண் ஊரில் நிப்பிள் தலையில் ஒரு பொட்டு கிரீஸை மூடியாக விட்டுவைக்கலாம். பண்ருட்டி செம்மண் பக்கம் அதே பொட்டில் மணல் ஒட்டி மறுநாள் உள்ளே போகும், அங்கே துடைத்து ரப்பர் மூடி போடுங்கள்.