கூறு கறியா, கடைக் கறியா, பிராய்லரா, சாளையா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கோட்டை, பிரானூர், புளியரைப் பக்கம் கவுச்சி சமைக்க நினைக்கிற வீட்டுக்கு நாலு வழி உண்டு. பாய் கடையில் ஆட்டுக்கறி நிறுத்து வாங்கலாம், பிராய்லர் கடையில் கோழி உரித்து வாங்கலாம், கேரளத்தில் இருந்து ஆரியங்காவுக் கணவாய் தாண்டி வருகிற சாளை மீன் வாங்கலாம், இல்லையென்றால் எட்டுப் பத்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்து அறுத்துக் கூறு போட்டுக்கொள்ளலாம். எது மலிவு, எது ருசி என்று பேச ஆள் நிறைய இருக்கிறது. நான் பார்ப்பது வேறு கணக்கு. ஒரு உயிரை எடுத்துத்தான் சாப்பிடுகிறோம், அதில் எவ்வளவு வயிற்றுக்குப் போகிறது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது? அந்தக் கணக்கில் கூறு கறிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் வாரா வாரம் கிடையாது.

இருபது கிலோ ஆடு ஒன்றை அறுத்தால் எலும்போடு சேர்த்து ஒன்பது, பத்து கிலோ கறி நிற்கும். மீதிப் பாதி தலை, கால், தோல், ரத்தம், குடல், ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) என்று போய்விடும். இந்த மீதிப் பாதியை என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. கூறு போடுகிற இடத்தில் வாழையிலையை வரிசையாக விரித்து, ஒவ்வொரு இலையிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, கழுவிய குடலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் வயதில் மூத்தவர் ஒருவர் குனிந்து பார்த்து இந்தக் கூறில் இருந்து ஒரு எலும்பை எடுத்து அந்தக் கூறில் போடுவார், அதோடு பேச்சு முடிந்தது. எனக்குத் தொடை மட்டும் போதும் என்று அங்கே யாரும் கேட்க முடியாது. ஈரல் பிடிக்காத வீட்டுக்கும் ஈரல் வரும், அந்த வீட்டில் யாராவது ஒருவர் அதை மிளகு போட்டு வறுத்துத் தின்னத்தான் செய்வார்கள். தலையும் காலும் தனியாகப் போகும், எடுத்தவர் வீட்டில் நெருப்பில் வாட்டிச் சுரண்டித் தலைக்கறியும் கால் சூப்பும் ஆகும், தோல் வியாபாரிக்குப் போகும். ரத்தத்தை உப்புப் போட்டுப் பிடித்து, உறைந்ததும் அவித்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்துப் பொரிப்பது இந்து வீடுகளில் உண்டு. முஸ்லிம் வீடுகளில் ரத்தம் விலக்கு, அதனால் பாய் கடையில் அதைக் கேட்கவே கூடாது.

குடல் கழுவுவதுதான் பெரிய வேலை. குச்சியை விட்டு உள்புறத்தை வெளியே திருப்பி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, திரும்பத் தேய்த்து, வாடை போகிற வரை விடக்கூடாது. இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருவதுதான் எனக்கு நிஜமாகவே கவலை, ஏனென்றால் கை இல்லாமல் போனால் நல்ல சாப்பாடு ஒன்று தானாகக் கழிவாகிவிடும்.

சரி, பாய் கடைக் கறி? அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடலும் காலும் தலையும் அங்கே தனித்தனியாக விலை போகின்றன, பெரிதாக எதுவும் வீணாவதில்லை. "அண்ணே, எலும்பு கலந்து போடவா, தனிக்கறியா?" என்று கேட்கும்போது "கலந்தே போடுங்க பாய்" என்று சொன்னால் போதும், எலும்பு குழம்புக்கு ருசியும் கொடுக்கும், கடைக்காரருக்கும் தேங்காது. கூறு கறியில் இல்லாத ஒரு நன்மையும் இங்கே இருக்கிறது: கால் கிலோ வாங்கலாம். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் கால் கிலோ ஆட்டுக்கறியில் உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ போட்டால் ஒரு நாளுக்குத் தாராளம்.

பிராய்லரில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் அதன் பக்கம் இருக்கிற நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆடு அசைபோடுகிற பிராணி, அதன் வயிற்றில் இருந்து மீத்தேன் வெளியாகிறது, அதனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பூமிக்குக் கோழியின் பாரம் குறைவு. சுமார் மூன்றரை கிலோ தீவனத்தில், 35 முதல் 42 நாளுக்குள் இரண்டு கிலோ கோழி தயாராகிவிடுகிறது. நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாசம் ஆகும். வாரா வாரம் கறி வேண்டும் என்கிற வீட்டுக்கு ஆட்டை விடக் கோழியே மேல். என் குறை என்னவென்றால், அந்த மலிவே கையைத் தாராளமாக்கிவிடுகிறது. அரைக் கிலோ போதும் என்கிற இடத்தில் ஒரு முழுக் கோழி வந்துவிடும். இரண்டு கிலோ உயிர்க்கோழியில் ஒரு கிலோ நானூறு போலத்தான் வீட்டுக்கு வருகிறது, தோலையும் உரித்தால் இன்னும் குறைவு. தலை, கால், குடல், தோல் எல்லாம் கடையின் டிரம்முக்கு. அந்த டிரம் எங்கே போகிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. கழிவை வேகவைத்துத் தூளும் கொழுப்புமாகப் பிரிக்கிற ஆலைகள் கேரளத்தில் இருக்கின்றன, அங்கே போனால் நல்லது. போகாதது ஓடைக்கரையில் கிடந்து நாறும், எல்லையின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. கோழி வாங்கினால் ஈரலையும் அதோடு வருகிற இரைப்பையையும் வாங்காமல் விடாதீர்கள், காலைச் சுத்தம் பண்ணிக் கேட்டால் சூப்புக்கு ஆகும்.

சாளைக்கு வாதமே வேண்டாம். கொல்லம் பக்கத்து நீண்டகரை மாதிரித் துறைமுகங்களில் இருந்து வருகிற மீன், செதிலும் குடலும் தலையும் போனால் மிச்சம் எல்லாம் சாப்பாடு, நன்றாக வறுத்தால் முள்ளையும் பாதி மென்றுவிடலாம். ஜூன் 9 நள்ளிரவில் இருந்து ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிக்குத் தடை, அந்த மாசங்களில் நாட்டுப் படகுக்காரர்கள் பிடிக்கிற சாளையை நம்பலாம். பத்து சென்டிமீட்டருக்கும் சின்ன சாளையைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது, கூடையில் அப்படிப் பொடிசு கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், அது முட்டையிடாத குஞ்சு.

ஆனால் எதை வாங்கினாலும் பெரிய ஓட்டை நம் அடுக்களையில்தான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். சமைத்த கறி நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஆறியதும் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்துப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், எடுக்கிற அளவை மட்டும் நன்றாகக் கொதிக்க வையுங்கள், முழுச்சட்டியையும் தினம் தினம் சூடாக்காதீர்கள். குற்றாலச் சாரல் நேரத்தில் உறவுக்காரர்கள் வந்து இறங்கும்போது எல்லையோரக் கடைகளில் புரோட்டா, பார்டர் கோழி என்று முதலிலேயே ஐந்து பிளேட் சொல்லிவிட்டுப் பாதியை விட்டெழுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு பிளேட் வாங்கித் தின்ற பிறகு அடுத்தது கேட்டால் என்ன?

கூறில் வந்த கறி மிஞ்சினால் உப்புக்கண்டம் போடலாம். உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் புரட்டி, நூலில் கோத்து வெயிலில் காயவைக்க வேண்டும். சாரல் மாசத்தில் இங்கே வெயில் நிற்காது, பூசணம் பிடித்துவிடும், பங்குனி சித்திரைதான் சரி. அப்புறம், ஒரு முழுக் கூறு ஒரு கிலோவைத் தொடும். பிரிட்ஜ் இல்லாத வீடும், ரெண்டே பேர் இருக்கிற வீடும் பக்கத்து வீட்டோடு சேர்ந்து அரைக் கூறாக எடுத்துக்கொள்ளுங்கள், பங்கு பிரிக்கிறவரிடம் ஆட்டைப் பிடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.