சூளையும் சிங்கக் கெபியும்

வேதாகமத்திலுள்ள தானியேல் புத்தகத்தின் 3ஆம், 6ஆம் அதிகாரங்களை ஒரே கதையின் இரண்டு வடிவங்களாகவே நம்மில் பலர் வாசிக்கிறோம். ராஜகட்டளை, மறுப்பு, தண்டனை, விடுதலை. ஆனால் இரண்டிலும் கேட்கப்பட்டது ஒன்றல்ல.

3ஆம் அதிகாரத்தில், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் துரா சமபூமியில் நிறுத்திய 60 முழ உயரப் பொற்சிலை. அதைப் பணியாதவர்களுக்கு எரிகிற சூளை. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற யூதர் மூவரும் செய்யக்கூடாததைச் செய்யும்படி நெருக்கப்பட்டார்கள். கூட்டமே விழுந்து பணியும்போது நிற்பவர்கள் ஒளிய இடமில்லை. அவர்கள் தந்த பதிலில் என்னை எப்போதும் உலுக்குவது ஒரே சொல்: "விடுவிக்காமற்போனாலும்". தேவன் தப்புவிக்க வல்லவர் என்று நம்பினார்கள். ஆனால் தப்புவிப்பதை நிபந்தனையாக வைக்கவில்லை.

6ஆம் அதிகாரத்தில் தானியேலையோ எந்தச் சிலைக்கும் பணியச் சொல்லவில்லை. 30 நாள் ராஜாவைத் தவிர வேறு எவரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது, அவ்வளவுதான். மீறினால் சிங்கங்களின் கெபி, அதாவது குகை. பலகணியைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் ஜெபித்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இளவயதில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டு வந்தவர் அப்போது முதியவர். அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணி அருகே, முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார்.

இரண்டில் கடினமானது எது? சூளை என்றே முன்பு நினைத்திருந்தேன். இப்போது கெபி என்பேன். சிலை முன் பணிவது பாவம் என்று மனசாட்சி உடனே சொல்லும். ஒரு மாதம் ஜெபத்தை ஒத்திவைப்பதையோ விவேகம் என்று எளிதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13இல், தேவனை எதிர்க்கும் மிருகத்தின் சொரூபத்தை வணங்காதவர்களுக்குக் கொலைத் தண்டனை. துராவின் நிழல் அங்கே தெளிவாக விழுகிறது.